கிண்ணத்தில் கலந்த இஞ்சி

திருமறையின் 76ஆம் அத்தியாயம் சுவனவாசிகளின் பானங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் இரு கிண்ணங்களைக் காட்டுகிறது. 5ஆம் வசனத்தில் வரும் கிண்ணத்தில் கலக்கப்படுவது காஃபூர். 17ஆம் வசனத்தில் வரும் கிண்ணத்தில் கலக்கப்படுவது ஸன்ஜபீல், அதாவது இஞ்சி. பானத்தில் இஞ்சியின் காரத்தையும் மணத்தையும் அரபுகள் பெரிதும் விரும்பினர். அவர்கள் அறிந்த இன்பத்தைக் கொண்டே அறியாத இன்பம் உணர்த்தப்பட்டது என்பது விரிவுரையாளர்கள் தரும் விளக்கம். சுவனப் பொருட்களுக்கும் உலகப் பொருட்களுக்கும் பெயரளவில் மட்டுமே ஒப்புமை உண்டு என்னும் கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அறிவிக்கப்படுகிறது. அவ்வசனத்தில் நோயைப் பற்றிய பேச்சே இல்லை.

இதை முதலிலேயே கூறக் காரணம் உண்டு. சுக்கும் சீரகமும் பொடித்து அடைத்த பொட்டலங்களின் மேல் இவ்வசனம் அச்சிடப்பட்டிருப்பதை நாம் கடைகளில் காண்கிறோம். வயிற்றுக் கோளாறு அனைத்தும் தீரும் என்ற உறுதிமொழி அதன் கீழேயே இருக்கிறது. வாங்குபவர் பொடியை வாங்குவதாக எண்ணவில்லை. வாக்குறுதியை வாங்குவதாக எண்ணுகிறார். பொடி பலன் தராதபோது அவர் மனத்தில் ஐயம் விழுவது எதன் மீது?

ஸன்ஜபீல் என்ற சொல்லின் பயணமே சுவையானது. இமாம் ஸுயூத்தீ (ரஹ்) திருமறையில் இடம்பெறும் பிறமொழி வேர்ச்சொற்களைத் தொகுத்தபோது இதனையும் அப்பட்டியலில் சேர்த்து, பாரசீக மூலம் உடையது என்று முன்னோர் கூறியதை எடுத்துக்காட்டினார். அதற்கும் அப்பால் சென்ற மொழியியலார், பாளியின் ‘சிங்கிவேர’, கிரேக்கத்தின் ‘ஸிங்கிபெரிஸ்’ ஆகியவற்றை ஒப்பிட்டு, தென்னாட்டு ‘இஞ்சி’யும் ‘வேரும்’ இணைந்த சொல்லே இவற்றின் மூலமாகலாம் எனக் கருதுகின்றனர். சரக்கு சென்ற வழியே சொல்லும் சென்றிருக்கிறது. கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த 11, 12ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதங்களில் இந்தியக் கடற்கரையிலிருந்து சென்ற மிளகும் இஞ்சியும் பேசப்படுகின்றன.

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு மன்னர் இஞ்சி நிறைந்த சாடி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார் என்றும், அவர்கள் அதனைத் தோழர்களுக்குத் துண்டு துண்டாகப் பகிர்ந்தளித்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. ஹாகிமின் ‘முஸ்தத்ரக்’ நூலில் அம்மன்னர் இந்தியாவின் மன்னர். இமாம் இப்னுல் கையிம் (1292–1350) எடுத்துக்காட்டும் வடிவில் அவர் ரோம் நாட்டு மன்னர். இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை கண்டுள்ளனர். நம் பக்கத்து மேடைகளில் முதல் வடிவம் மட்டுமே, அதுவும் ஐயத்துக்கு இடமற்ற வரலாறாகச் சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஊர்ப்பற்று எவரையும் விடுவதில்லை.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியோ புகாரியிலேயே இடம்பெறும் உறுதியான அறிவிப்பு. மரணம் தவிர்ந்த அனைத்துக்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற அதன் பொருளை இமாம் கத்தாபீ (ரஹ்) எவ்வாறு விளங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. எந்த ஒரு தாவரமும் எல்லா நோய்க்கும் எதிரான இயல்புகளை ஒருங்கே பெற்றிருக்காது; எனவே பொதுச்சொல்லால் குறிப்பிட்ட வகை நோய்களே கருதப்பட்டன என்றார் அவர். இப்னு கல்தூன் (1332–1406) இன்னும் ஒரு படி சென்று, நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்கவே அனுப்பப்பட்டார்கள். அவர்களிடமிருந்து அறிவிக்கப்படும் மருத்துவக் குறிப்புகள் அக்கால அரபுகளின் அனுபவ வழக்கைச் சார்ந்தவை என்று ‘முகத்திமா’வில் எழுதினார். இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் இவ்விவாதத்தை இக்காலத்தவர் புகுத்தியதாக எவரும் சொல்ல முடியாது.

இனி மருத்துவர்களிடம் செல்வோம். இஞ்சி உணவு செரிக்கத் துணை புரியும், வயிற்றை மிதமாக இளக்கும் என்று இப்னுல் கையிம் எழுதியது யூனானி மருத்துவ மரபின் பொதுக் கருத்தே. அம்மரபில் செரிமானத்துக்கென்றே ‘ஜவாரிஷ்’ என்னும் இலேகிய வகை உண்டு. செரிக்கச் செய்வது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ‘ஜவாரிஷ் கமூனி’யில் காடியில் ஊறிய சீரகமும் சுக்கும் மிளகும் சேர்கின்றன. நீர் வடிவில் தருவதற்கு இரு முறைகள்: கொதிக்க வைப்பது ‘ஜோஷாந்தா’, ஊற வைப்பது ‘கேஸாந்தா’.

இப்பாகுபாட்டின் நுட்பம் அடுப்படியில் விளங்கும். சுக்கு போன்ற கடினமான கிழங்கு நீரில் கொதித்தால்தான் சாரத்தை விடும். சீரகம், சோம்பு, ஏலம் ஆகியவற்றின் பயன் பெரிதும் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் மணம் வீட்டை நிறைக்கும், குவளைக்கு எஞ்சுவது குறைவு. ஆகவே சுக்கை முதலில் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் நசுக்கிய சீரகத்தை இட்டுப் பத்து நிமிடம் மூடி வைப்பதே முறை. சுக்கின் மேல்தோலைச் சீவிவிட வேண்டும் என்பது சித்த மருத்துவர்களின் கண்டிப்பான விதி.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். உலரும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்குப் பெயர் ஷோகா. இது மேலும் காரமானது, ஆகவேதான் சுக்கு நீர் தொண்டையில் உறைக்கிறது. இரைப்பை உணவைக் குடலுக்குத் தள்ளும் வேகத்தை இஞ்சி கூட்டுவதை மனிதர்களிடம் நடந்த சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மந்தம் என்று நாம் சொல்லும் உணர்வு அதற்கேற்பக் குறைந்ததா என்பதில் அதே உறுதி இல்லை. கருவுற்றோரின் குமட்டலுக்கு அது உதவுவதற்கே வலுவான சான்று உண்டு. சோம்பிலுள்ள அனெத்தோல் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் தன்மையது. எகிப்தியர் உணவுக்குப்பின் பருகும் ‘யான்ஸூன்’ நம் சோம்பு அன்று, அதன் உறவான வேறொரு விதை. இரண்டிலும் இருப்பது இதே அனெத்தோல்.

யமன் நாட்டார் காப்பிக்கொட்டையின் தோலை இஞ்சியுடன் காய்ச்சி ‘கிஷ்ர்’ என்று அருந்துகின்றனர். வளைகுடாவில் காப்பியில் ஏலம். நம் இல்லங்களில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும். நோன்புக் கஞ்சியில் இஞ்சியும் பூண்டும் வெந்தயமும் சீரகமும் சேர்த்த முன்னோர், அதை மார்க்கக் கட்டளையாகச் சொல்லவில்லை. பகல் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றை அறிந்து செய்தார்கள். அக்கஞ்சிக்குத் துணையாக எண்ணெய்ப் பண்டங்களைக் குவித்து, பின்னர் கஷாயம் தேடுவது நம் காலத்துப் பழக்கம்.

14ஆம் நூற்றாண்டில் மதுரையில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது இப்னு பத்தூத்தாவும் அதில் விழுந்தார். அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறக்குறைய ஒரு ராத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு கழிந்தது, பிழைத்தார். புளியைப் பயன்படுத்தும் எண்ணத்தை இறைவன் தம் உள்ளத்தில் போட்டான் என்று நன்றியுடன் எழுதும் அவர், அதற்கென எந்த வசனத்தையும் தேடவில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் இஞ்சியை மிகுதியாகச் சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இனிப்புக்காகச் சேர்க்கும் அதிமதுரம் நாள்தோறும் தொடர்ந்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். நெஞ்செரிச்சல் உள்ளோருக்குப் புதினா நல்லதென்பது தவறான எண்ணம். உணவுக்குழாயின் அடிவாயிலைத் தளர்த்தி அமிலம் மேலேற அது வழிசெய்யக்கூடும். எல்லாவற்றிலும் கடுமையானது வேறொன்று. மாரடைப்பின் வலி, குறிப்பாக முதியோரிடமும் நீரிழிவு உள்ளோரிடமும் பெண்களிடமும், வெறும் வாயுத் தொல்லையைப் போலவே தோன்றக்கூடும். வியர்வையோ மூச்சுத் திணறலோ கை, தாடையில் வலியோ கூட வருமானால், சுக்கு நீர் கொதிக்கும் அந்தப் பத்து நிமிடமும் மருத்துவமனை வழியில் கழிய வேண்டிய நேரம்.