புளியும் படகும்

நம் விடுதிக்குப் பின்புறமுள்ள குளக்கரையில் ஒரு படகு உண்டு என்று சொன்னால், இவ்விதழைப் படிக்கும் அன்பர்களில் பாதிப்பேர் "அது படகா!" என்று வியப்பார்கள். வியப்பதில் தவறில்லை. சென்ற ஆண்டு வரையில் அது சருகும் சேறும் நிரம்பிய ஒரு தொட்டியாகவே காட்சியளித்தது. நாய் ஒன்று அதற்குள் மூன்று குட்டிகளை ஈன்று வளர்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு அடி நீளம். ஒரு காலத்தில் பச்சை வர்ணம் பூசியிருந்ததற்கு அடையாளமாக அங்கங்கே சில செதில்கள். மற்றபடி எங்கும் வெண்பொடி பூத்த சாம்பல் நிறம். அலுமினியத் தகட்டை ரிவெட் ஆணிகளால் இணைத்துச் செய்தது.

அதன் வரலாற்றை எனக்குச் சொன்னவர் நம் தோட்டத்தையும் குளத்தையும் பராமரிக்கும் காகு. வங்காளத்தில் சித்தப்பாவைக் காகு என்பார்கள். நாமும் அவரை அப்படியே அழைத்துப் பழகிவிட்டோம். 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில் மேற்கு வங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது அவருக்கு வயது ஏழு. இரண்டு இரவுகள் கூரையின்மேல் தாயாருடனும் ஓர் ஆட்டுக்குட்டியுடனும் இருந்த அவரை இறக்கிக்கொண்டு வந்தது இந்தப் படகுதானாம். "இதே படகுதான் என்று எப்படித் தெரியும், காகு?" என்று கேட்டேன். முன்மூக்கில் இருந்த ஒரு பெரிய நெளிவைத் தடவிக் காட்டினார். "பள்ளிக்கூடத்துத் தூணில் இடித்தது. நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இந்தப் படகைப் பழைய சாமான்களோடு சேர்த்து எடைக்குப் போடப்போகிறார்கள் என்று சென்ற கார்த்திகையில் செய்தி வந்தது. நானும் அறைத்தோழரும் விடுதிக் காப்பாளரிடம் போய், இதைச் சுத்தம் செய்து மிதக்கவிட்டுக் காட்டுகிறோம், பதினைந்து நாள் அவகாசம் வேண்டும் என்று கேட்டோம். அவர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. செலவுக்குப் பணம் கிடையாது என்பது மட்டும் நிபந்தனை. ஆகவே சமையலறையிலும் சலவை அறையிலும் கிடைப்பதைக் கொண்டே வேலையை முடிக்க வேண்டியதாயிற்று.

இனி என் அறிவீனத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இரசாயனம் படிக்கிறவன். எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் போவதற்குச் சலவைச் சோடாவைவிடச் சிறந்தது எது? ஒரு வாளி கொதிநீரில் தாராளமாகச் சலவைச் சோடாவைக் கரைத்து, படகின் பின்பக்கத்தில் ஊற்றி, "ஊறட்டும்" என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது சிறு சிறு குமிழிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அழுக்கு கரைகிறது என்று மகிழ்ந்து, தூங்கியும் போனேன். காலையில் பார்த்தால் அந்த இடம் முழுவதும் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. அதுமட்டுமா? ஒரு மூலையில் தண்ணீர் வடிந்துபோய், மிளகளவு துளை ஒன்று வெளிச்சம் காட்டிற்று. காகு குனிந்து அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது என்ன? அலுமினியம் உண்மையில் மிகவும் துடிப்பான உலோகம். காற்றுப் பட்ட உடனேயே அது பிராணவாயுவோடு சேர்ந்து தன்மேல் ஒரு தோலை விரித்துக்கொள்கிறது. இந்த ஆக்ஸைடுத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இராது. இரும்பின் துரு பொருபொருவென்று உதிர்ந்து, உள்ளே இருப்பதையும் அரிக்க வழிவிடும். அலுமினியத்தின் தோலோ கெட்டியாகப் பற்றி நின்று உள்ளே இருப்பதைக் காக்கும். கீறினாலும் காற்றோ நீரோ பட்டவுடன் கீறல் தானே மூடிக்கொள்ளும். அலுமினியப் படகு ஐம்பது ஆண்டு உழைப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் இந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. அமில காரத்தன்மையை அளக்கும் பி.எச். அளவில் சுமார் 4 முதல் 8.5 வரைதான் அதற்குச் சுகவாசம். வலுத்த அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். காரத்தில் இன்னும் வேகமாகக் கரையும். சலவைச் சோடாக் கரைசலின் அளவு 11-ஐ ஒட்டியது. தோல் கரைந்ததும் அடியிலிருந்த உலோகமே தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டது. நான் கண்டு மகிழ்ந்த குமிழிகள் அவைதாம்! அழுக்கு கரையவில்லை, படகு கரைந்தது. உலோகத்தில் கலந்திருக்கும் இரும்பு முதலிய பிற பொருள்கள் கரையாமல் மேலே தங்கியதால் கருமை. துளையோ நான் புதிதாய் உண்டாக்கியதன்று. பல ஆண்டுகளாகச் சேற்றின் அடியில் அரித்து, வெண்பொடி அடைத்துக்கொண்டிருந்த ஒரு குழியை நான் திறந்துவிட்டேன். இப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு ஆறுதல். காகுவுக்கு ஆறுதலாக இல்லை.

அன்றிரவு வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போது, பேச்சோடு பேச்சாக இதையும் அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டா, இட்லிப் பானையிலே தண்ணி ஊத்தினதும் துளி புளி போடுவேனே, அது எதுக்குன்னு நெனச்சே? பானை கறுக்காம இருக்கத்தான். எவ்வளவு படிச்சு என்ன!" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. இருபது ஆண்டுகள் அந்தப் பானையின் இட்லியைத் தின்றிருக்கிறேன். அலுமினியத்தில் தண்ணீர் கொதிக்கும்போது, தண்ணீர் சற்றே காரமாக இருந்தால் அது கறுக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தக் காரத்தைத் தணிக்கும், முன்பே பிடித்த கருமையையும் மெல்லக் கரைக்கும். எலுமிச்சைத் தோலைப் போடுகிறவர்களும் உண்டு. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் வேர்விட்டதே நம் சென்னையில்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அதைத் தொடங்கி வைத்தார். அதற்குப்பின் நம் தாய்மார்கள் அடுப்பங்கரையில் கண்டறிந்த பாடத்தை, நான் குளக்கரையில் மறந்திருக்கிறேன்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளைக் குத்துவிளக்கு துலக்க நம் வீடுகளில் புளியோடு உப்பையும் சேர்ப்பார்கள். பித்தளைக்கு அது நன்று. அலுமினியத்திற்கு உப்பு ஆகாது. உப்பிலுள்ள குளோரைடு, தோலின் நொய்ந்த இடம் பார்த்துத் துளைத்துச் சிறுகுழிகள் தோண்டும். அடுப்புச் சாம்பலும் அப்படியே. அது காரம், பாத்திரம் பளிச்சென்று ஆவது உலோகம் தேய்வதால்தான். கழிவறை கழுவும் நீர்மத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதால் அதையும் நெருங்க விடக்கூடாது. பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்தோடு கலந்தாலும் நச்சான குளோரின் வாயு கிளம்பும். வீட்டுக் குளியலறைக்கும் இது பொருந்தும்.

மறுநாள் வேலையைப் புதிதாகத் தொடங்கினோம். முதலில் சேற்றையும் சருகையும் மரச்சட்டத்தால் வழித்தெடுத்தோம். இரும்புக் கரண்டியும் இரும்புக் கம்பிச் சுருளும் கூடாது. அவை விட்டுச் செல்லும் இரும்புத் துகள் பின்னர் துருப்பிடித்துக் கறையாகும். ஈரச் சருகின் அடியில்தான் தகடு மிகவும் அரித்திருந்தது. காற்றுப் படாமல் ஈரம் மட்டும் தங்கும் இடத்தில் தோல் தன்னைத் தானே புதுப்பிக்க இயலாது. பிறகு பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த நீரில் பீர்க்கங்கூட்டைத் தோய்த்துப் பாசியும் பிசுக்கும் போகத் தேய்த்தோம். இங்கே அதை 'ரீட்டா' என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். இந்த ஒரு கட்டத்திற்கே நான்கு மாலைகள் ஆயின. தோழர்கள் பலர் வேடிக்கை பார்க்க வந்து, இருவர் மட்டும் கை கொடுத்தனர்.

அதன்பின் புளி. அரைக்கிலோ பழம்புளியை ஒரு வாளி வெந்நீரில் கரைத்து, நாரும் கொட்டையும் போக வடிகட்டினோம். ஒரு பக்கத்திற்குப் புளி, மறு பக்கத்திற்குப் பாதிக்குப் பாதி நீர் கலந்த வினிகர் என்று சோதித்தும் பார்த்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். புளி வழியாமல் ஒட்டி நின்றதால் எனக்கு அதுவே பிடித்தது. (என் அறைத்தோழர் ஆந்திரர், அவரும் புளியின் கட்சியே.) மறைவான ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். வெயிலில் செய்தால் காய்ந்து திட்டுத்திட்டாகும். ஆகவே நிழலில், இரண்டடி இரண்டடியாக, கீழிருந்து மேலே. மேலிருந்து தொடங்கினால் வழிந்த கோடுகள் கீழே நிரந்தரமாகப் பதிந்துவிடும். புளிக்கரைசலின் பி.எச். அளவு 3-ஐ ஒட்டியது, அதாவது தோலின் சுகவாச எல்லைக்குக் கீழே. ஆதலால் பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி. பிறகு தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். பிடிவாதமான இடத்தில் இரண்டாம் முறை தடவலாமேயன்றி இரவு முழுவதும் ஊற விடலாகாது. ஊறவிட்டவனின் கதையைத்தான் மேலே படித்தீர்கள்.

வெண்பொடி போயிற்று, நான் உண்டாக்கிய கருமையும் முக்கால்வாசி போயிற்று. கண்ணாடிபோலப் பளபளக்கச் செய்யலாம் என்று தோழர்கள் ஆசைப்பட்டார்கள். நான் ஒப்பவில்லை. மெருகேற்றிய பளபளப்பு சில மாதங்களில் தானே மங்கும். அந்த மங்கலான சாம்பல் நிறமே படகின் கவசம். அதை அழுக்கென்று எண்ணிச் சுரண்டுவது நம் கண்ணின் ஆசைக்காகவேயன்றிப் படகின் நன்மைக்காக அன்று.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. படகை நான்கு மரக்கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பி, அடியில் எங்கெங்கே துளி அரும்புகிறதோ அங்கெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிட்டோம். முழுக்க நிரப்பினால் பாரம் தாங்காமல் நெளியும். அரையடி ஆழம் போதும். பதினொரு வட்டங்கள். அவற்றில் பத்து, தளர்ந்த ரிவெட் ஆணிகள். தண்ணீரை இறைத்துவிட்டு, உட்புறம் ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை ஆணித்தலையில் அழுத்திப் பிடிக்க, வெளிப்புறம் மற்றவர் சுத்தியலால் இலேசாகத் தட்டினால் ஆணி மீண்டும் இறுகும். இதைக் காகு எங்களைவிடத் திறமையாகச் செய்தார். ஆம், ஐந்தாம் நாள் அவர் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டார்.

பதினோராவது வட்டம் என் துளை. அதற்கு ஒட்டுப் போடவேண்டியிருந்தது. கடைத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், செப்பு ஆணி அடித்தால் ஆயுளுக்கும் உழைக்கும் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது அலுமினியமே. 1895-இல் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் வென்ற 'டிஃபெண்டர்' என்னும் பாய்மரக் கப்பலுக்கு நீருக்குக் கீழே வெண்கலத் தகடும் மேலே அலுமினியத் தகடும் வைத்துக் கட்டினார்கள். எடை குறைந்தது, கோப்பையும் கிடைத்தது. ஆனால் கடல்நீரில் அலுமினியம் அரித்தரித்து, 1901-இல் அக்கப்பலை உடைத்துவிட்டார்கள். நம் குளம் நன்னீர்; அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஆயினும் நான் பிடிவாதமாக அலுமினியத் தகடும் அலுமினிய ஆணியுமே வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் ஒரு பழைய பெயர்ப்பலகையிலிருந்து உள்ளங்கையளவு வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இடையில் பூசிய நீர்க்காப்புப் பசை ஒன்றுதான் நாங்கள் விலைகொடுத்து வாங்கிய பொருள்.

வர்ணம் பூசவில்லை. அலுமினியத்தின்மேல் வர்ணம் பற்றுவதற்கு அதற்குரிய அடிப்பூச்சு வேண்டும். சாதாரண வர்ணம் ஓராண்டில் தோலுரிந்து, அதனடியில் ஈரம் தங்கிப் புதிய தொல்லை தரும்.

பதினான்காம் நாள் மாலை படகைக் குளத்தில் இறக்கினோம். காப்பாளரும் வந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஒட்டுப் போட்ட இடம் உலர்ந்திருந்தது. பின்பக்கத்து ஆணி ஒன்றுமட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. "ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும், இறைத்துவிடலாம்" என்றார் காகு. எடைக்குப் போடும் பட்டியலிலிருந்து படகின் பெயரைக் காப்பாளர் அடித்தார்.

இப்பொழுது அது குளத்தில் மண்டும் ஆகாயத்தாமரையை வாரப் பயன்படுகிறது. வேலை இல்லாத நாட்களில் கவிழ்த்து மரக்கட்டைகள்மேல் வைத்திருக்கிறோம், உள்ளே சருகு சேராமலும் அடியில் காற்றாடவும். முன்பு கரைச்சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள்; சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பும் காரமாதலால், அதன் தழும்புகள் இன்னும் விலாவில் தெரிகின்றன. என் கருமையின் மீதியும் தெரிகிறது. முன்மூக்கின் நெளிவைத் தட்டி நிமிர்த்திவிடலாம் என்று அறைத்தோழர் சுத்தியலோடு போனபோது காகு குறுக்கே வந்து நின்றுகொண்டார். அது அப்படியே இருக்கிறது.