ஏஞ்சல் குஞ்சுகள் ஏன் வாடுகின்றன?

அமேசான் நதியின் வெதுவெதுப்பான, சற்றே அமிலத்தன்மை வாய்ந்த நீரைப் பூர்விகமாகக் கொண்ட ஏஞ்சல் மீனின் குஞ்சுகள், கண்ணாடித் தொட்டியில் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, நீர்மட்டத்தருகே வந்து மூச்சு வாங்கும்போது, நாம் உடனே மருந்துப் புட்டியைத் தேடுவது இயல்பே ஆயினும், அநேக சந்தர்ப்பங்களில் வியாதி மீனிடத்தில் அன்று, நீரிடத்திலேயே இருக்கிறது. குஞ்சுகள் செவுள் வழியே வெளியிடும் அம்மோனியாவும், எஞ்சி அழுகும் இரையிலிருந்து பிறக்கும் அம்மோனியாவும், வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்களால் முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றப்பட வேண்டும். புதுத் தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்குமாதலால், அதற்குள் அம்மோனியா விஷம் சேர்ந்து செவுள்களின் மெல்லிய சவ்வைப் புண்ணாக்கிவிடுகிறது. காரத்தன்மையும் உஷ்ணமும் மிகுந்த நீரில் இவ்விஷம் இன்னும் உக்கிரமாகும். நாம் அவசரப்பட்டு ஊற்றும் மருந்துகளுள் சில அந்நுண்ணுயிர்களையே கொன்றுவிடும் என்பதுதான் விபரீதம்! ஆகவே இரையைக் குறைத்து, குளோரின் நீக்கிய, அதே உஷ்ணமுள்ள நீரால் தொட்டியின் கால் பங்கை நாள்தோறும் மாற்றி, காற்றுக்குமிழிகளை மெல்ல விடுவதே முதற் சிகிச்சை. பஞ்சைக் குழாய்நீரில் அலசலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும்.