தாபோவின் மண்சுவரும் நாகையின் செங்கல்லும்

மலைநாட்டுப் பௌத்த மடங்கள் என்றதும், நெய்வேலி நகரியத்து அன்பர்களுக்கு அது தூரதேசத்து விஷயமாகத் தோன்றக்கூடும். அங்கே மலை என்று கண்ணுக்குத் தெரிவது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுதானே! ஆயினும், இமயத்துத் தாபோ மடமும், நெய்வேலிக்குத் தெற்கே சோழமண்டலக் கரையில் நின்ற நாகப்பட்டினத்து விஹாரமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தவை. ஒன்று இன்றும் நிற்கிறது. மற்றொன்று ஸர்க்காரின் அனுமதியுடன் இடிக்கப்பட்டது.

தாபோ, ஹிமாசலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்குப் பத்தாயிரம் அடிக்கு மேல் இருப்பது. கி.பி. 996-ல் குகே நாட்டரசர் யேஷே ஓ அதை நிறுவினார். கற்கோபுரமோ விமானமோ அங்கில்லை. வெயிலில் உலர்த்திய மண்கட்டிகளால் எழுப்பிய கனத்த சுவர். ஜன்னல் இல்லையென்றே சொல்லலாம். மர உத்தரங்களின்மேல் சுள்ளி பரப்பி, அதன்மேல் மண் மெழுகிய தட்டைக் கூரை. வெளியே நின்று பார்ப்பவர் அதனை நெற்களஞ்சியம் என்றே எண்ணுவர். உள்ளே புகுந்தாலோ, சுவரெங்கும் வர்ணச் சித்திரங்களும் சுதையுருவங்களும்! மழை அருகிய நாடு, மரம் கிடைப்பது அரிது, குளிரோ கொடிது. அந்நாட்டுக்கு இசைந்த கட்டட முறை அதுவே. 1975-ம் வருஷத்துப் பூகம்பத்தில் மடம் பழுதுபட்டது, எனினும் கைவிடப்படவில்லை. பிக்ஷுக்கள் வசிக்கிறார்கள், வழிபாடு நடக்கிறது. மண்கூரை அவ்வப்போது மெழுகுவாரை வேண்டுவது. மெழுகுவார் இருந்தமையால் ஆயிரம் ஆண்டு கடந்தது.

இனி நாகைக்கு வருவோம். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அங்கு விஹாரம் எடுப்பித்தான். சிவபக்தனான முதல் இராஜராஜன், தனது 21-ம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தில் 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் வருவாயை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். ஆண்டொன்றுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல்! இதைக் கூறும் 21 செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்து சேர்ந்து, லெய்டன் பட்டயங்கள் என்று பெயர் பெற்றன. (ஆனைமங்கலத்தின் பெயர் அதிலும் மறைந்துபோயிற்று.) 1025-ல் இராஜேந்திரன் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தினான். ஆயினும் 1090-ல் முதற் குலோத்துங்கன், கடாரத்தரசன் தூதர்களின் வேண்டுகோளுக்கிணங்கி, அதே விஹாரத்தின் கிராமங்களுக்கு வரி நீக்கினான். பகை வேறு, தர்மம் வேறு என்று கருதியவர்கள் அக்காலத்து அரசர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்தே எஞ்சி நின்றது மூன்று நிலைக் கோபுரம் ஒன்று. நம்மவர் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றனர்; ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர். கடலில் வருவோர்க்கு அது அடையாளம். சர் வால்டர் எலியட் அதனை விவரித்திருக்கிறார்: சாந்தின்றி நெருக்கிப் பொருத்திய செங்கற்கள், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு, உட்சுவரில் மேல்தளம் பொருந்தியிருந்த தழும்பு, உச்சி திறந்தபடி. சாந்தில்லாத செங்கல் கடற்காற்றையும் புயலையும் எத்தனையோ நூற்றாண்டு தாங்கிற்றென்றால், அதை அடுக்கிய கொத்தனின் கைத்திறனை என்னென்பது!

அருகே குடியேறியிருந்த ஜெஸூட் பாதிரிமார் அதனை இடித்துவிட அனுமதி வேண்டினர். 1867-ல் சென்னை ஸர்க்கார் அனுமதித்தது. கேட்டவரைக் குறைகூறுவதால் பயனில்லை. காக்கும் கடமை ஸர்க்காருக்கன்றோ இருந்தது? நம்மவரும் குற்றமற்றவரல்லர். பிக்ஷுக்கள் மறைந்தபின் அக்கோபுரத்துக்கு உரிமை பாராட்டுவார் ஒருவருமிலர். ஸ்பிதியின் மண்சுவருக்கு வாய்த்த சுற்றத்தார் நாகையின் செங்கல்லுக்கு வாய்க்கவில்லை. கோபுரத்தில் சிற்பமோ சாசனமோ காணப்படவில்லை. ஆனால் 1856 முதல் 1934 வரை நாகை மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 புத்தத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை அரசாங்கக் காட்சிசாலையை அடைந்தன.

பாதிரிமார் 1844-ல் நாகையில் தொடங்கிய கல்லூரியோ, கோபுரம் வீழ்ந்த பதினாறாம் ஆண்டில், 1883-ல், திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.