சாவிக்குள் ஒரு சாவி

சம்பந்தி வீட்டார் விருந்துக்கு அழைத்திருக்கின்றனர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை செல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பிள்ளைகள் காரில் ஏறி அமர்ந்துவிட்டனர். சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் சுழல்கிறது, ஆனால் ஓடவில்லை. "பேட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும்" என்பார் மற்றொருவர். சில ஆயிரம் ரூபாய் கரைந்த பின்னரே, பழுது எஞ்சினில் இல்லை, கையிலிருந்த சாவியில்தான் என்பது தெரிய வருகிறது. இந்த வீண் செலவைத் தவிர்க்க, அன்பு வாசகர்களே, இக்காலக் கார்ச் சாவியின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் நலம். கார் ஓட்டத் தெரியாத சகோதரிகளும் இதனைப் படிக்க வேண்டுகிறேன். மாற்றுச் சாவி பெரும்பாலும் உங்கள் பீரோவில்தானே இருக்கிறது!

முற்காலத்தில் கார்ச் சாவி என்பது பல் வெட்டிய ஓர் உலோகத் துண்டு, அவ்வளவே. பூட்டை உடைத்து, கம்பிகளை இணைத்து, காரைக் கிளப்பிச் செல்லத் திருடருக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. 1986-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது கார்வெட் காரின் சாவியில் மின்தடை வில்லையொன்றைப் பதித்தது. அதன் மதிப்பு பொருந்தினால்தான் எஞ்சின் கிளம்பும். ஆனால் இருந்தவையோ 15 மதிப்புகள் மட்டுமே. பொறுமையுள்ள திருடர் பதினைந்தையும் சோதித்துப் பார்க்கலாமல்லவா?

அடுத்து வந்ததே இன்று நாம் பயன்படுத்தும் முறை. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி அளவே உள்ள ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வளையம் மறைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அவ்வளையம் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அப்புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று, தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. எண் சரியாக இருந்தால் எஞ்சினின் கணினி எரிபொருளைச் செலுத்த அனுமதிக்கும், தவறினால் மறுத்துவிடும். நம் ராஜபாளையம் நாய் எஜமானரை வாடையால் அறிவதைப் போன்றது இது. அந்நியர் அதே சட்டையை அணிந்து வந்தாலும் அது ஏமாறாது.

ஒரே எண்ணை எந்நாளும் சொல்லிக் கொண்டிருந்தால் ஒட்டுக்கேட்பவர் கற்றுக்கொள்வாரே என நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. வகுப்பில் நாள்தோறும் ஒரே வினாவைக் கேட்டால், சன்னலோரம் நிற்கும் சிறுவனும் விடையை ஒப்புவித்துவிடுவான். வினாவை மாற்றிக்கொண்டே இருந்தால், கணக்கின் விதி தெரிந்தவன் மட்டுமே விடையளிப்பான். பின்னர் வந்த சாவிகள் இம்முறையில் இயங்குகின்றன. கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் கொடுக்கிறது. சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்கிறது. காரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்!

1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இவ்வகைப் பாதுகாப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் மாருதி நிறுவனம் 'ஐகேட்ஸ்' என்ற பெயரில் இதனை வழங்கியது. அமெரிக்காவில் இது கட்டாயமாக்கப்படவில்லை. 2015-ஆம் ஆண்டு மாடல்களில் ஹூண்டாய், கியா கார்களுள் 26 விழுக்காட்டில் மட்டுமே அங்கு இக்கருவி இருந்தது. மற்ற நிறுவனங்களின் கார்களிலோ 96 விழுக்காடு. விளைவு யாது? 2022-இல் அவ்விரு வகைக் கார்களைச் சிறுவர்கள்கூடத் திருடிச் சென்றனர். ஒரு சில்லின் அருமை அதன் இல்லாமையால் விளங்கிற்று.

இம்முறை அசைக்க முடியாததும் அன்று. 40 பிட் நீளமுள்ள இரகசிய எண்ணில் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள் உண்டு. ஆயினும் 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தினரும் அதனை உடைத்துக் காட்டினர். ஆனால் நம் ஊர்களில் நமக்கு வரும் தொல்லை அத்தகைய அறிவாளித் திருடரால் அன்று. சாவியின் சாதாரணப் பழுதாலேயே.

அதனைக் கண்டறிவது எங்ஙனம்? முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். கார் அல்லது சாவி வடிவிலான சிறு விளக்கொன்று இருக்கும். மாருதி கார்கள் பலவற்றில் சாவியைத் திருப்பிய பின் அவ்விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், சாவியைக் கார் ஏற்கவில்லை என்பது பொருள். பிற நிறுவனக் கார்களில் இது மாறக்கூடும். உடன் தந்த கையேட்டைப் பாருங்கள். விளக்கு ஒழுங்காக அணைந்தும் எஞ்சின் ஓடவில்லையென்றால், பம்பு முதலிய பிற உறுப்புகளைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சுழலவே இல்லையென்றால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

விளக்கு மினுக்கினால், சாவிக்கொத்திலுள்ள மற்றச் சாவிகளையும் உலோக வளையத்தையும் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். இரண்டு கார்களின் சாவிகளை ஒரே கொத்தில் கோத்து வைப்போர் உண்டு. ஒரு சில்லு பேசும்போது மற்றது குறுக்கே பேசும். அடுத்து, பீரோவிலுள்ள மாற்றுச் சாவியை எடுத்து வாருங்கள். அதில் கார் கிளம்பினால் பழுது பழைய சாவியில்தான். இரண்டிலும் கிளம்பவில்லையென்றால் வளையம், அதன் கம்பி, அல்லது கணினி ஆகியவற்றைப் பணிமனையில் ஸ்கேன் கருவி கொண்டு சோதிக்க வேண்டும். சாவி தவறு எனில் 'பி 0513' என்னும் பழுது எண் பல கார்களில் தோன்றும். மெக்கானிக்கிடம் "என்ன எண் வந்தது?" என்று கேளுங்கள். எதையும் சோதிக்காமல் பாகங்களை மாற்றச் சொல்பவரை விட்டு விலகுவதே மேல்.

மற்றொன்று: சாவியின் மேலோடு உடைந்ததெனக் கடைத்தெருவில் புதிய ஓடு மாற்றுவோர், பழைய ஓட்டிலிருந்த சில்லையும் எடுத்துப் பொருத்தினரா எனப் பார்ப்பதில்லை. கதவு திறக்கும், பூட்டும் திரும்பும், கார் மட்டும் கிளம்பாது. பழைய ஓட்டைக் குப்பையில் எறிந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும். கதவு திறக்கும் ரிமோட் பொத்தானுக்கே பேட்டரி உண்டு. அது தீர்ந்தாலும், சாவியைத் திருப்பி ஓட்டும் கார் கிளம்பத் தடையில்லை. பொத்தான் அழுத்திக் கிளப்பும் கார்களில் பேட்டரி தீர்ந்தால், கையேடு குறிப்பிடும் இடத்தில், பெரும்பாலும் அப்பொத்தானின் மேலேயே, சாவியை ஒட்டிப் பிடித்தால் போதும்.

பழைய கார் வாங்குவோர் இரண்டு சாவிகளையும் கேட்டுப் பெற்று, இரண்டாலும் எஞ்சினை ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள். கார் திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனத்தார் பொதுவாக இரு சாவிகளையும் கேட்பர். ஒன்று இல்லையென்றால் இழப்பீடு சிக்கலாகும். சாவி தொலைந்து புதியது செய்யும்போது, தொலைந்ததன் எண்ணைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அதன் பின் யார் கையில் அது கிடைத்தாலும் எஞ்சின் ஓடாது. ஆனால் அதன் பற்கள் கதவைத் திறக்கும். ஆகவே காருக்குள் பணமோ நகையோ வைத்துச் செல்லாதீர்கள்.