பால் விலையின் ஏற்ற இறக்கமும் கறவைக் குடும்பத்தின் தற்காப்பும்

கோதுமை விளைவித்தவர், விலை இறங்கினால் அதைக் குதிரில் கொட்டி வைத்துச் சில வாரங்கள் காத்திருக்கலாம். பால் கறந்தவருக்கு அவ்வசதி இல்லை. காலையில் கறந்த பால் மாலைக்குள் விலையாக வேண்டும். விலை சரியில்லை என்று மாட்டின் மடியை நிறுத்தி வைக்கவும் இயலாது. ஆகவே, பால் விலையில் ஏற்படும் வீழ்ச்சி அன்றைய தினமே உற்பத்தியாளரின் வீட்டை எட்டிவிடுகிறது. 2023-24ஆம் ஆண்டில் நம் நாட்டில் உற்பத்தியான பால் ஏறக்குறைய 23.9 கோடி டன். இதன் பெரும்பகுதி, சில கறவைகளை மட்டுமே வைத்திருக்கும் சிறு குடும்பங்களிலிருந்து வருவதாகும். இக்குடும்பங்கள் விலை வீழ்ச்சியைத் தாங்கி நிற்பதற்கான வழிகளை ஈண்டுக் காண்போம்.

விலை அலைவதன் காரணங்கள்

முதற் காரணம் பருவம். வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் எருமைப் பாலே மிகுதி. கோடை வெப்பத்தில் எருமை சரிவரப் பருவத்துக்கு வருவதில்லை. குளிர்ந்த மாதங்களிலேயே பெரும்பாலும் சினை கொள்கிறது. அதன் சினைக்காலம் சுமார் 310 நாட்கள். ஆதலால் ஈற்றுகள் ஜூலை முதல் டிசம்பர் வரையான மாதங்களில் வந்து குவிகின்றன. குளிர்காலத்தில் பால் பெருகுகிறது. தயிருக்கும் மோருக்கும் தேவை மிகும் கோடையில் பால் குறைகிறது.

இரண்டாவது காரணம் சந்தை. மிகுதிப் பால் தூளாகவும் வெண்ணெயாகவும் மாற்றப்படுகிறது. தூளின் விலை சரிந்தால் கொள்முதல் விலையும் சரிகிறது. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் மகாராஷ்டிர உற்பத்தியாளர்கள் விலை கட்டாமல் பால் அனுப்புவதை நிறுத்திப் போராடியதற்குப் பின்னணி இதுவே. 2020ஆம் ஆண்டில், நோய்த்தொற்றுக் கால ஊரடங்கினால் உணவகங்களும் இனிப்புக் கடைகளும் மூடப்பட்டபோது விற்பனை மீண்டும் சுருங்கிற்று.

கேடா மாவட்டத்தின் படிப்பினை

முன்னாளில் கெய்ரா எனப்பட்ட குஜராத்தின் கேடா மாவட்டத்தில், 1946ஆம் ஆண்டு டிசம்பரில் மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவு பெற்றது. திரிபுவன்தாஸ் படேல் அதற்குத் தலைமை தாங்கினார். பால் பம்பாய் நகரத்துக்குச் சென்றது. ஆயினும் குளிர்காலப் பால் முழுவதையும் அந்நகரத்தால் ஏற்க முடியவில்லை. 1955ஆம் ஆண்டு ஆனந்தில் திறக்கப்பட்ட ஆலையில், எச். எம். தலாயா வகுத்த முறைப்படி எருமைப் பாலிலிருந்து தூள் தயாரிக்கப்பட்டது. அதன் பிறகு குளிர்கால மிகுதி வீணாகாமல், பால் குறையும் மாதங்களுக்குச் சேமிப்பாயிற்று. கூட்டுறவு விலையின் அலைவை முற்றும் ஒழித்துவிடவில்லை. மலிந்த மாதத்திலும் பாலை வாங்க ஒருவர் உண்டு என்ற உறுதியை அளித்தது. குளிர்காலத்தில் சங்கத்தை நாடி, கோடையில் சில காசு கூடுதலாகக் கிடைக்கிறதென்று வெளியாளுக்குப் பாலை ஊற்றும் உறுப்பினர், அவ்வுறுதியைத் தாமே தளர்த்துகிறார்.

தீவனத்தைக் குறைப்பதால் நேரும் நஷ்டம்

பாலின் உற்பத்திச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே ஆகிறது. எனவே விலை இறங்கியவுடன் உற்பத்தியாளரின் கை முதலில் தீவன மூட்டையையே நாடுகிறது. இதனால் நேர்வதை ஒரு கணக்கினால் விளக்கலாம். நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் இளங்கறவைப் பசுவுக்கு, கிலோ 25 ரூபாய் விலையுள்ள கலப்புத் தீவனத்தில் 2 கிலோ குறைக்கப்படுவதாகக் கொள்வோம். மிச்சம் 50 ரூபாய். சில நாட்கள் பால் குறையாது. பசு தன் உடற்சதையைக் கரைத்துக் கறக்கும். பின்னர் 3 லிட்டர் குறையுமாயின், லிட்டர் 25 ரூபாய் என்ற தாழ்ந்த விலையிலும் நஷ்டம் 75 ரூபாய். உடல் மெலிந்த பசு பருவத்துக்கு வரவும் தாமதிக்கும். தவறும் ஒவ்வொரு பருவத்துக்கும் 21 நாட்கள் வீணாகும்.

சினையின் கடைசி இரண்டு மாதங்களில் தீவனத்தைக் குறைப்பது இதனினும் கேடாகும். அடுத்த ஈற்றின் பாலும் கன்றின் வலிவும் அக்காலத்திலேயே உருவாகின்றன. கிடேரிக் கன்றைப் பட்டினி போடுவதும், சினைப் பசுவை அவசரத்தில் விற்பதும் இத்தகையனவே. விற்ற பசுவுக்கு ஈடாக ஒரு கன்றை வளர்த்துக் கறவைக்குக் கொணர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்குள் விலை ஏறிவிடலாம். ஆனால் கறப்பதற்கு மாடு இராது.

சிக்கனம் செய்யத்தக்க இடங்கள்

பால் வற்றும் நிலையில் உள்ள மாட்டுக்கு, அது கறக்கும் அளவுக்கேற்பக் கலப்புத் தீவனத்தைக் குறைக்கலாம். பசுவுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கும், எருமைக்கு இரண்டு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான அளவு. குதிரைமசால், பெர்சீம், காராமணி போன்ற பயறுவகைப் பசுந்தீவனம், விலைக்கு வாங்கும் பிண்ணாக்கின் தேவையை ஓரளவு தணிக்கும். பசுமை மிகுந்த மாதங்களில் மக்காச்சோளத்தை நறுக்கிக் குழியில் அழுத்தி, காற்றுப் புகாமல் மூடினால் சுமார் 45 நாட்களில் 'சைலேஜ்' எனும் பதனத் தீனி ஆயத்தமாகும்.

100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, 21 நாட்கள் மூடி வைத்தால் அதன் சத்து கூடும். மாட்டுக்கு இடுமுன் அதைக் காற்றாட விடுதல் வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியாவை நேரே தீவனத்தில் தூவுவதும் குடிநீரில் கலப்பதும் உயிருக்கே ஆபத்தாகும்.

கோடையில் எருமைக்கு நிழலும், குளமோ நீர்த்தெளிப்போ, பசுந்தீவனமும் அளித்தால் சில எருமைகளேனும் அப்போது சினை கொள்ளும். மே மாதத்தில் சினையான எருமை அடுத்த மார்ச்சில் ஈனும். அதன் பால் நல்ல விலை கிடைக்கும் கோடையில் விற்பனையாகும். கோடையில் எருமையின் பருவ அறிகுறிகள் பெரும்பாலும் இரவிலேயே மங்கலாகத் தோன்றுமாதலால், அந்திப் பொழுதிலும் விடியலிலும் கவனித்தல் அவசியம்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை

களப்பணியாளர்கள் இவ்விஷயங்களை விலை உயர்ந்திருக்கும் மாதங்களிலேயே எடுத்துரைத்தல் நன்று. கையில் பணமுள்ளபோதுதான் குழி வெட்டவும், விதை வாங்கவும், சங்கத்தில் சேமிப்பு வைக்கவும் இயலும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு தொடங்கச் செய்யலாம். மாடு ஈன்ற நாள், சினைப்படுத்திய நாள், அன்றாடப் பால், கொழுப்பு அளவு, தீவனச் செலவு ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். எழுதப்படிக்க அறியாத வீடுகளில் பள்ளிச் சிறுவர் சிறுமியர் இதை எழுதலாம். ஆசிரியர்கள் அக்கணக்கையே வகுப்பில் பெருக்கலுக்கும் சராசரிக்கும் பயிற்சியாகக் கொள்ளலாம். எந்த மாட்டுக்குச் செலவைக் குறைக்கலாம், எதற்குக் குறைக்கலாகாது என்பதை, விலை இறங்கும் நாளில் அக்குறிப்பேட்டைப் பார்த்தே அக்குடும்பத்தார் முடிவு செய்துகொள்ள இயலும்.