கோபத்தை முந்திக் காணும் கண்கள்

கணினித் திரையில் ஒரு முகம். முதலில் வெறும் மங்கலும் புள்ளிகளும்தான். படிப்படியாகப் படம் தெளியத் தெளிய, அந்த முகத்தில் இருப்பது சிரிப்பா, அழுகையா, பயமா, கோபமா என்று எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு இது, 2002-இல் வெளியானது. வீட்டில் அடி வாங்கி வளர்ந்த குழந்தைகள், மற்றப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்றும் பிடிபடாத மங்கலிலேயே கோப முகத்தை அடையாளம் கண்டுவிட்டார்கள். அதுவும் சரியாக.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணிக்கத் தெரிந்த பிள்ளை, தங்கையை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். தப்பிப் பிழைக்கக் கற்ற பாடம் அது. ஆனால் பள்ளிக்கூடம் வரும்போது அதை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. பெரம்பலூரின் வேப்பந்தட்டையிலோ அரியலூரின் செந்துறையிலோ ஓர் ஆறாம் வகுப்பை எண்ணிப் பாருங்கள். பின்னால் பெஞ்சு நகர்ந்தாலே தூக்கிவாரிப்போடும் ஒரு பையன். கரும்பலகையைப் பார்க்காமல் டீச்சர் முகத்தையே பார்த்திருக்கும் ஒரு பெண். கவனமில்லாத பிள்ளைகள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். வகுப்பிலேயே அதிகமாகக் கவனிப்பவர்கள் அவர்கள்தான். கவனிப்பது கணக்கை அல்ல, ஆபத்தை.

லண்டனில் ஈமன் மெக்ரோரியின் ஆய்வுக் குழு, வீட்டில் வன்முறையைச் சந்தித்த குழந்தைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கோப முகங்களைக் காட்டியது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதிகளான அமிக்டலாவும் இன்சுலாவின் முன்பகுதியும் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தெழுந்தன. போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் பார்த்த அதே கோலம். 2011-இல் இந்த முடிவு வந்தது. அடி நம்மேல் விழக்கூட வேண்டியதில்லை. சிகாகோவைப் பற்றிப் பாட்ரிக் ஷார்க்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வசிக்கும் பகுதியில் கொலை நடந்த சில நாட்களுக்குள் சோதனை எழுதிய கறுப்பினக் குழந்தைகளின் வாசிப்பு மதிப்பெண், அதே பகுதியில் வேறு நாட்களில் எழுதிய குழந்தைகளுடையதைவிடச் சரிந்திருந்தது.

இதையெல்லாம் குழந்தைகளிடம் எப்படிக் கேட்பது? 'உனக்குக் கொடுமை நடந்ததா?' என்றால் பெரும்பாலான பிள்ளைகள் இல்லை என்றுதான் தலையாட்டும். பெல்ட்டால் அடித்தார்களா, அம்மாவை அடிக்கும்போது நீ அங்கே இருந்தாயா, வேனில் பெரிய பையன்கள் பணத்தைப் பிடுங்கினார்களா என்று நடந்ததை நடந்தபடியே கேட்டால்தான் பதில் வரும். ஆய்வாளர் டேவிட் ஃபிங்கல்ஹோர் அப்படித்தான் 34 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார். அதில் தெரிய வந்தது, துன்பங்கள் தனித்தனிக் குழந்தைகளுக்குப் பங்கு பிரிந்து வருவதில்லை என்பது. வீட்டில் அடி வாங்கும் பிள்ளையேதான் பெரும்பாலும் தெருவிலும் பள்ளியிலும் மாட்டிக்கொள்கிறது. எந்த வகை வன்முறை என்பதைவிட எத்தனை வகை என்பதே மனத்தை அதிகம் உடைக்கிறது. இந்தியாவில் மத்திய அரசின் 2007 ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. மூவரில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள்.

தமிழ்க் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் என்னை உலுக்கியது இலங்கையில் நடந்தது. 2004 சுனாமி அடித்த கையோடு, கிளாடியா கட்டானியின் குழு அந்நாட்டின் வடகிழக்கில் 296 பள்ளிப் பிள்ளைகளைச் சந்தித்தது. பேட்டி எடுத்தவர்கள் அந்த மண்ணின் ஆலோசகர்கள். 82.4 சதவீதப் பிள்ளைகள் போரின் ஏதோ ஒரு கொடுமையைக் கண்டிருந்தார்கள். குண்டு விழுந்த ஊரில் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒரு வகை வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 95.6 சதவீதம்! போரைவிட வீடு அதிகப் பிள்ளைகளைத் தொட்டிருக்கிறது. போரின் பாதிப்பு கூடக் கூட வீட்டு வன்முறையும் கூடியது; அப்பாவின் குடியும் அதனோடு சேர்ந்தே வந்தது. போர் நடக்காத பெரம்பலூரிலும் அரியலூரிலும், சோள மூட்டை தூக்கியும் சிமெண்ட் லாரி ஓட்டியும் கிடைத்த கூலி சாராயக் கடையில் கரையும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வு அந்நியமாக இருக்காது.

வட இலங்கையில் 359 சிறுவர் சிறுமியரிடம் நடத்தி 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பெற்றோர் தன்மீது அக்கறையாக இருக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளை, எத்தனையோ பார்த்திருந்தும், சோகமும் பயமும் அவ்வளவாக அழுத்தவில்லை. அன்பு காக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். அது அளந்து பார்த்தும் தெரிகிறது.

காயம்பட்ட பிறகும் வழி இருக்கிறது. கட்டானியின் குழு சுனாமி முகாமில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தது. ஒரு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். மற்றவர்களுக்குக் கதை சொல்லும் சிகிச்சை. அந்த முறையில் தரையில் ஒரு கயிற்றை விரிக்கிறார்கள். அதுதான் பிறந்தது முதல் இன்றுவரையிலான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பிள்ளை ஒரு பூ வைக்கும். கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, அப்போது என்ன பார்த்தாய், என்ன கேட்டது, உடம்பு என்ன செய்தது என்று பொறுமையாகப் பேசவைக்கிறார்கள். துண்டு துண்டாகக் கிடந்து, எந்நேரமும் திரும்பத் திரும்ப வரும் நினைவு, தேதியும் இடமும் பெற்று 'முடிந்துபோனது' ஆகிறது. ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் அதிர்ச்சியால் வந்த மனநோயிலிருந்து மீண்டிருந்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் வெளிநாட்டு மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்ணும் இருக்கிறது. ஒரு பிள்ளை துணிந்து சொன்ன பிறகு, உட்கார்ந்து அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். கீழப்பழுவூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு ஓர் அணி ஆசிரியர்களுக்கு, தொடர்ந்த மேற்பார்வையோடு, இந்தக் கதை சொல்லும் சிகிச்சையில் பயிற்சி கொடுக்கலாம். சுனாமி முகாமுக்குள் முடிந்தது, ஓட்டுக் கட்டடத்தில் முடியாமலா போகும்?