மாற்று மதிப்பீடும் ஆசிரியரின் நேரமும்

கடுமையான அறிவாற்றல் குறைபாட்டால் பொதுத் தேர்வை எழுத இயலாத மாணவர்க்கென வகுக்கப்பட்டதே மாற்று மதிப்பீடு. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம், 2000 சூலைக்குள் எல்லா மாநிலங்களும் இதனைத் தொடங்க வேண்டுமெனப் பணித்தது. மாணவரின் உரிமை இதனால் உறுதியாயிற்று. ஆசிரியரின் நேரம் என்னவாயிற்று என்பதை ஈண்டு நோக்குவோம்.

தொடக்கத்தில் பல மாநிலங்கள், 1990களில் கென்டக்கி காட்டிய வழியில், தொகுப்பேட்டு முறையைக் கைக்கொண்டன. மாணவரின் பணித்தாள், நிழற்படம், உற்றுநோக்கல் குறிப்பு ஆகியவற்றை மாதக்கணக்கில் திரட்டி ஒழுங்குபடுத்துதல் ஆசிரியரின் பொறுப்பாயிற்று. பள்ளி நேரம் இதற்குப் போதவில்லை. மாலைப் பொழுதும் வார இறுதியும் செலவாயின. இன்று பல மாநிலங்களில் கணினிவழி மதிப்பீடு வந்து தொகுக்கும் சுமை குறைந்துள்ளது. எனினும், ஒவ்வொரு மாணவருடனும் ஆசிரியர் தனித்தனியே அமர்ந்து நடத்தவேண்டிய நிலை மாறவில்லை. அவ்வேளையில் வகுப்பின் ஏனைய மாணவர்க்குக் கற்பிப்பவர் யார்?

2015ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஒவ்வொரு பாடத்திலும் மாற்று மதிப்பீட்டில் பங்கேற்போர் தேர்வுக்குட்படும் மாணவருள் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது என மாநிலங்களுக்கு வரம்பிட்டது. ஆனால், நடத்தும் ஆசிரியருக்குரிய விடுவிப்பு நேரத்தைக் கூட்டரசுச் சட்டங்கள் வரையறுக்கவில்லை. அது ஆசிரியர் சங்கமும் கல்வி மாவட்டமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தைச் சார்ந்தது. வட கரோலினாவிலோ, 1959ஆம் ஆண்டுச் சட்டம் அரசு ஊழியர் சங்கங்களுடன் அத்தகைய ஒப்பந்தம் செய்வதையே தடுக்கிறது. பணி ஒன்று, உரிமை இடத்திற்கு இடம் வேறு.

மதிப்பீட்டை விதிப்போரே அதற்குரிய மணிநேரத்தையும் மாற்றாசிரியரையும் விதிக்க வேண்டும் என்பதே நம் துணிபு. அவ்வாறு செய்யாவிடில், ஒரு மாணவரின் உரிமைக்குரிய விலையை அவர்தம் வகுப்புத் தோழரே கொடுக்க நேரும்.